ஆட்டைத் தின்றது சிறுத்தை. ஏழையைத் தின்பது யார்?

மேற்குமலை அடிவாரத்தில் ஓர் ஆடு காணாமல் போனால் போதும், ஊர்ப் பெரிய மனிதர்களுக்கு ஏழையின் மீது திடீரென்று பாசம் பொங்கிவிடுகிறது. “சிறுத்தை பெருத்துவிட்டது! செந்நாய் மானையெல்லாம் தின்று தீர்க்கிறது! நரி குட்டி ஆட்டை விட்டுவைப்பதில்லை! இவற்றைச் சுட்டுத் தள்ளினால்தான் விவசாயி பிழைப்பான்!” என்று கூக்குரல் போடுகிறார்கள். விவசாயத் தொழிலாளிக்குக் கூலி உயர்வு கேட்டபோது வாய் திறக்காத தென்னந்தோப்பு அதிபர் பேசுகிறார். ராப்பகலாக மலையை வெடித்து லாரியில் ஏற்றும் கல்குவாரி முதலாளி பேசுகிறார். அருவிக்கரையில் ரிசார்ட் கட்டியவரும் பேசுகிறார்.

இவர்களுக்கு எதிர்வரிசையில் வேறொரு கூட்டம் நிற்கிறது. பட்டணத்தில் உட்கார்ந்துகொண்டு, “காடு விலங்குக்கே சொந்தம், ஆடு மேய்ப்பவனை விரட்டு” என்று உபதேசம் செய்கிற கூட்டம்.

இரண்டு கூட்டமும் சண்டை போடுவதுபோலத் தோன்றுகிறது. ஆனால் இரண்டு பேர் சொல்வதையும் கேட்டு நடந்தால் கடைசியில் நஷ்டப்படுகிறவன் ஒருவன்தான். நாலு ஆடு வைத்துப் பிழைக்கும் ஏழை. ஆகவே தென்காசி, குற்றாலம், செங்கோட்டை, கடையம், சிவகிரி வட்டாரத்து உழைப்பாளி மக்கள் இந்த விஷயத்தைத் தங்கள் கண்ணால் பார்க்க வேண்டும்.

ஆடு போவது வாஸ்தவம்

முதலில் ஒன்றை ஒளிவுமறைவில்லாமல் ஒப்புக்கொள்வோம். சிறுத்தை ஆட்டைத் தூக்குகிறது. 2024 மே மாதத்தில் பாபநாசத்தை அடுத்த வேம்பையாபுரம், அனவன்குடியிருப்பு ஊர்களில் ஆடுகளைத் தூக்கிய சிறுத்தைகளை வன இலாகா கூண்டு வைத்துப் பிடித்தது. 2022 நவம்பரில் கடையம் அருகே சிவசைலம் பக்கத்தில் கரடி ஒன்று மூன்று பேரைக் குதறியது. இதெல்லாம் கட்டுக்கதை என்று சொல்கிறவன் மலையடிவாரத்தில் ஒரு ராத்திரி தங்கிப் பார்த்தவனல்ல.

யாருடைய ஆடு போகிறது? பண்ணையார் வீட்டு மாடு சுற்றுச்சுவருக்குள், மின்விளக்கு வெளிச்சத்தில், காவல்காரன் பாதுகாப்பில் நிற்கிறது. பீடி சுற்றும் பெண்ணின் ஆடு குடிசைக்கு வெளியே வேப்பமரத்தடியில் கட்டிக் கிடக்கிறது. தற்காலிகத் தொழிலாளி என்ற பெயரில் மில்லில் வேலை பார்ப்பவன், வேலையில்லாத நாளுக்கு ஆகட்டும் என்று இரண்டு குட்டி வாங்கி விட்டிருக்கிறான். நிலமில்லாத கூலிக்காரன் வாரத்துக்கு ஆடு வளர்க்கிறான். தாயாடு உடையவனுக்கு, பிறக்கும் குட்டியில்தான் இவனுக்குப் பங்கு. அந்த ஆட்டைச் சிறுத்தை கொண்டுபோனால் பங்கும் போயிற்று, உடையவனிடம் கடனும் ஏறிற்று. பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் செலவு, பெண்ணுக்குப் பிரசவச் செலவு, வீட்டில் ஒரு சாவு என்றால் ஏழை ஓடிப்போய் அவிழ்ப்பது ஆட்டின் கயிற்றைத்தான். ஆடுதான் ஏழையின் பாங்கி. அந்தப் பாங்கி ஒரே ராத்திரியில் திவாலாகிறதென்றால் அது சின்ன விஷயமல்ல.

ஆனால், சிறுத்தையைச் சுட்டுவிட்டால் இந்தப் பாங்கி காப்பாற்றப்பட்டுவிடுமா? இதுதான் கேள்வி.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சுமார் 99 லட்சம் வெள்ளாடும் 45 லட்சம் செம்மறியும் இருந்தன. மொத்தம் ஏறக்குறைய 1 கோடியே 44 லட்சம். 2022-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி தமிழ்நாட்டுக் காடுகளில் இருந்த சிறுத்தைகள் 1,070.

வாதத்துக்காக ஒன்று வைத்துக்கொள்வோம். இந்தச் சிறுத்தைகள் அத்தனையும் மானையும் பன்றியையும் குரங்கையும் தொடுவதே இல்லை, வாரத்துக்கு ஓர் ஆடு தின்றுதான் ஜீவிக்கின்றன என்றே வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 55,640 ஆடு. ஆயிரம் ஆட்டுக்கு நாலு! நிஜத்தில் இதில் ஒரு சிறு பங்குதான் இருக்கும். ஏனென்றால் சிறுத்தையின் சாப்பாட்டில் பெரும்பகுதி காட்டிலேயே கிடைக்கிறது.

மீதி ஆட்டைக் கொல்வது எது? ஆட்டுக்கொல்லி நோய். நீலநாக்கு நோய். துள்ளுமாரி. ஆட்டுக்கொல்லி நோய் 1987-ல் இந்தியாவிலேயே முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது நம் தமிழ்நாட்டில், விழுப்புரம் பக்கத்து அரசூரில்தான். ஊசி போடாத பட்டியில் அது புகுந்தால் பாதிப் பட்டியைக் காலி செய்துவிடும். அதற்குத் தடுப்பூசி உண்டு. இந்த நாட்டிலேயே தயாராகிறது. ஒரு தடவை போட்டால் மூன்று வருஷம் காக்கும். ஒவ்வொரு மலையடிவாரக் கிராமத்துக்கும் ஊசியும் டாக்டரும் தவறாமல் போகவேண்டும் என்று சிறுத்தைக்கு எதிராகத் துப்பாக்கி கேட்கும் கனவான்கள் எப்போதாவது மகஜர் கொடுத்ததுண்டா?

அடுத்து நாய். காங்கேயம், தாராபுரம், வெள்ளகோவில் வட்டாரங்களில் சிறுத்தை வருவது அபூர்வம். ஆனால் தெருநாய்க் கூட்டம் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் குதறியது. 2024, 2025-ஆம் ஆண்டுகளில் விவசாயிகள் செத்த ஆடுகளோடு ரோட்டுக்கு வந்து போராடினார்கள். அந்த நாயைப் பெருக்கியது யார்? கோழிக் கழிவையும் இறைச்சிக் கழிவையும் ஊருக்கு வெளியே கொட்டுகிற வியாபாரிகள். கொட்டவிட்டுப் பார்த்திருக்கிற நிர்வாகம். நம் மலையடிவாரத்திலும் இதே கதைதான். கழிவு கிடக்கும் இடத்துக்கு நாய் வருகிறது. நாயைத் தின்னச் சிறுத்தை வருகிறது. நாயைத் தேடி வந்த சிறுத்தை கட்டிக் கிடக்கும் ஆட்டைப் பார்க்கிறது. காட்டைவிட்டுச் சிறுத்தையை ஊருக்குள் அழைத்து வருவது இந்தக் குப்பைமேடு!

இந்த இடத்தில் நம் பீடித் தொழிலாளி சகோதரி ஒருத்தி கேட்பாள்: “கணக்கெல்லாம் சரிதான் அண்ணாச்சி. எங்கிட்ட இருந்ததே நாலு உருப்படிதான். நாலும் போச்சே, அதுக்கு என்ன சொல்லுதிய?” நியாயமான கேள்வி. ஆயிரத்துக்கு நாலு என்பது மாநிலத்துக்குச் சின்னக் கணக்கு. அந்த நாலும் ஒருத்தியுடையதாக இருந்தால் அவளுக்கு அது முழு நாசம். ஆகவேதான் இந்த நஷ்டத்தை ஒருத்தி தலையில் கட்டக்கூடாது, சமுதாயம் முழுவதும் தாங்கவேண்டும் என்கிறோம். அதைக் கோரிக்கையில் சொல்வோம்.

மானுக்காக அழுகிறவர்கள்

“செந்நாய் மானை அழிக்கிறது” என்பது இன்னொரு பிரசாரம். மனிதன் பிறப்பதற்கு முன்பிருந்தே மிளாவும் புள்ளிமானும் சிறுத்தையோடும் செந்நாயோடும்தான் வாழ்ந்திருக்கின்றன. தின்று தீர்ப்பதாக இருந்தால் என்றைக்கோ தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. கிழடு, நோயாளி, பலவீனமான குட்டி, இவைதான் பெரும்பாலும் சிக்குகின்றன. உண்மையில் அழிவின் விளிம்பில் நிற்பது செந்நாய்தான். உலகம் முழுவதிலும் வயது வந்த செந்நாய்கள் 2,500-க்கும் குறைவு என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

மானைத் தீர்த்தது வேட்டைத் துப்பாக்கி. சுருக்குக் கம்பி. அவுட்டுக்காய். ரோட்டில் பாய்கிற லாரி. காட்டோரத்தில் திரியும் தெருநாய். உண்ணிச்செடி புல்லை மூடிவிட்டதால் மேய்ச்சலில்லாமல் போன காடு. அந்த உண்ணிச்செடியை அழகுச் செடியென்று கொண்டுவந்து இறக்கியவனும் வெள்ளைக்காரன்தான். மான்கறி விருந்து சாப்பிட்ட ஜமீன் வகையறாவின் வாரிசுகள் இன்று மானுக்காக நீலிக்கண்ணீர் வடிப்பதைப் பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது.

வெள்ளைக்காரன் கொடுத்த வெகுமதி

கொன்று பார்த்தால் என்ன ஆகும் என்பதற்குச் சரித்திரமே சாட்சி. வெள்ளைக்கார சர்க்கார் புலித்தலைக்கும் சிறுத்தைத் தலைக்கும் ஓநாய்த் தலைக்கும் வெகுமதி கொடுத்தது. 1875 முதல் 1925 வரை ஐம்பது வருஷத்தில் 80,000-க்கு மேல் புலிகள், ஒன்றரை லட்சத்துக்கு மேல் சிறுத்தைகள், இரண்டு லட்சம் ஓநாய்கள் கொல்லப்பட்டதாகச் சரித்திர ஆசிரியர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். விவசாயி பிழைத்தானா? இந்தக் காலத்தின் தொடக்கத்தில்தான், 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில், சென்னை மாகாணத்தில் லட்சோபலட்சம் ஜனங்கள் பட்டினியால் மாண்டார்கள். புலித்தலைக்குப் பணம் கொடுத்த சர்க்கார், பஞ்சத்தில் செத்துக்கொண்டிருந்தவனுக்குக் கஞ்சியை அளந்து அளந்து ஊற்றியது. 1882-ல் சென்னை வனச் சட்டம் போட்டுக் காட்டையும் பூட்டியது. அவர்களைக் கொன்றது புலியா, வரியும் வட்டியும் ஏற்றுமதியுமா?

அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே கயோட்டி என்று ஒரு விலங்கு. நரிக்கும் ஓநாய்க்கும் நடுவாந்தரமானது. ஆடு மாட்டுப் பண்ணை முதலாளிகளுக்காக 1931-ல் சட்டமே போட்டு, ஜனங்களின் வரிப் பணத்தில் அதைச் சுட்டார்கள், பொறி வைத்தார்கள், விஷம் வைத்தார்கள். இன்றுவரை வருஷத்துக்குப் பல பத்தாயிரம் கொல்கிறார்கள். பலன்? மேற்கே மட்டும் இருந்த கயோட்டி இன்று அந்தத் தேசத்தின் ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும் பரவிவிட்டது. பெரிய ஓநாயை ஒழித்த இடத்தில் சின்ன கயோட்டி குடியேறியது.

யெல்லோஸ்டோன் என்ற சர்க்கார் காட்டில் 1926-க்குள் ஓநாய்களை அடியோடு தீர்த்தார்கள். எல்க் என்னும் பெரிய மான் பெருகியது. இளஞ்செடியையெல்லாம் மேய்ந்து தீர்த்தது. கடைசியில் சர்க்கார் சிப்பந்திகளே மானைச் சுட்டுத் தள்ள நேர்ந்தது! 1995-ல் கனடாவிலிருந்து ஓநாய்களைப் பிடித்துவந்து அதே காட்டில் விட்டார்கள். மானைக் காப்பாற்ற ஓநாயைக் கொன்றவர்கள் அடைந்த கதி இது.

சோஷலிஸ நாட்டிலும் இந்தப் பாடம் கிடைத்தது. 1958-ல் மக்கள் சீனத்தில், தானியத்தைத் தின்கிறதென்று சிட்டுக்குருவியை விரட்டிக் கொன்றார்கள். குருவி தின்ற பூச்சி பெருகிவிட்டது. 1960-ல் ஒழிக்கவேண்டிய பட்டியலிலிருந்து குருவியை எடுத்துவிட்டு மூட்டைப்பூச்சியைச் சேர்த்தார்கள். விஞ்ஞானம் சொல்வதைக் கேட்பது உழைப்பாளி வர்க்கத்துக்குக் கௌரவக் குறைவல்ல.

கூண்டு வைத்துப் பிடித்து இன்னொரு காட்டில் விடுவதும் முழு மருந்தல்ல. மகாராஷ்டிரத்தில் ஜுன்னர் வட்டாரத்தில் 2000-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அப்படிச் செய்தார்கள். மனிதர் மீது தாக்குதல் அதிகமானதுதான் மிச்சம். பிடித்த இடத்துக்கு வேறொரு சிறுத்தை வருகிறது. விட்ட இடத்தில் புது வம்பு பிறக்கிறது.

பன்றிக்கு யார் காவல்?

மலையடிவாரத்து விவசாயியிடம் உன் முதல் எதிரி எது என்று கேளுங்கள். பன்றி என்பான். நெல், கடலை, மரவள்ளி, வாழை, கரும்பு எதுவும் தப்புவதில்லை. குத்தகை நிலத்தில் கடன் வாங்கிப் போட்ட பயிர் ஒரே ராத்திரியில் உழுததுபோலக் கிடக்கிறது. 2025 ஜனவரியில் தமிழ்நாடு சர்க்கார், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வன இலாகாவே சுடலாம் என்று உத்தரவு போட்டது. காட்டை ஒட்டி ஒரு கிலோமீட்டருக்குள் அனுமதியில்லை. நம் கடையம், பண்பொழி, மேக்கரை, சொக்கம்பட்டி விவசாயியின் வயல் எங்கே இருக்கிறது? காட்டை ஒட்டித்தான்!

அந்த வயலுக்குச் சம்பளமில்லாத காவல்காரன் யார்? சிறுத்தையும் செந்நாயும்தான். பன்றிக்குட்டியையும் மான்குட்டியையும் தின்று அவற்றின் பெருக்கத்துக்குக் கடிவாளம் போடுவது அவை. நரி வயல் எலியைத் தின்கிறது. இவற்றைச் சுட்டுத் தள்ளிவிட்டு, பிறகு பன்றி பெருகிவிட்டது, எலி பெருகிவிட்டது என்று அழுவது, காவல்காரனை விரட்டிவிட்டுத் திருட்டுப் போச்சென்று புலம்புவதுபோல.

பெரிய தோட்டக்காரன் வேறு வழி கண்டுபிடித்திருக்கிறான். கம்பத்துக் கரண்டைத் திருட்டுத்தனமாக வேலியில் பாய்ச்சுகிறான். அதில் பன்றி மட்டுமா சாகிறது? ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போன கூலித் தொழிலாளி சாகிறான். யானை சாகிறது. மின்வேலிக்கு 2023-ல் தமிழ்நாட்டில் விதிகள் வந்தன. விதி ஏட்டில் இருக்கிறது. கரண்டு வேலியில் ஓடுகிறது. சிறுத்தை மனிதனை அடித்தால் ஊரே திரளுகிறது. கரண்டு வேலியில் ஒரு தொழிலாளி செத்தால் மட்டும் ஏன் ராவோடு ராவாகப் பஞ்சாயத்துப் பேசி முடிக்கப் பார்க்கிறார்கள்?

பட்டணத்து உபதேசிகள்

இப்போது எதிர்வரிசைக்கு வருவோம். சிறுத்தையைக் காப்பாற்றவேண்டும் என்று நாமும் சொல்கிறோம், அவர்களும் சொல்கிறார்கள். அப்படியானால் இருவரும் ஒன்றா? ஒருக்காலும் இல்லை. அவர்கள் அதற்கு விலையாகக் கேட்பது ஏழையின் வயிற்றை.

2015-ல் கடையநல்லூர், சிவகிரி, புளியங்குடி மலைப்பகுதிகளைச் சேர்த்து சுமார் 356 சதுர கிலோமீட்டரில் நெல்லை வனவிலங்குச் சரணாலயம் அமைக்கப்பட்டது. 2022 மார்ச்சில் ஐகோர்ட், முதலில் காடு முழுவதிலும் மேய்ச்சலுக்குத் தடை போட்டது. பிறகு அதே மாதத்தில் அதைத் திருத்தி, சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் ஆகியவற்றில் மட்டும் தடை என்று ஆக்கியது. நம் மலை சரணாலயமாயிற்றே! ஆட்டுக்காரனுக்குத் திருத்தத்தால் என்ன லாபம்? மேய்ச்சல் உரிமையையும் சேர்த்து 2006-ல் வன உரிமைச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. அதன்படி கிராம சபையைக் கூட்டி, தலைமுறை தலைமுறையாக யார் எங்கே மேய்த்தார்கள் என்று கணக்கெடுத்து உரிமை கொடுத்த பிறகல்லவா கட்டுப்பாட்டைப் பற்றிப் பேசவேண்டும்?

ஆட்டுக்காரனை விரட்டிய அதே மலையில் என்ன நடந்தது? பணக்காரர்களின் ரிசார்ட்டுகள் இயற்கை அருவியின் பாதையைத் திருப்பி, தங்கள் காம்பவுண்டுக்குள் செயற்கை அருவி விட்டுக் காசு பார்த்தன. 2022-ல் மதுரை ஐகோர்ட் கிளை தலையிட்டு நடவடிக்கை எடுக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. ஓர் ஆடு நாலு இலையைக் கடித்தால் காட்டுக்கு ஆபத்து. அருவியையே திருடினால் அது சுற்றுலா வளர்ச்சியா?

மாஞ்சோலையைப் பாருங்கள். 1929-ல் சிங்கம்பட்டி ஜமீன் 8,373 ஏக்கர் காட்டை 99 வருஷக் குத்தகைக்குப் பம்பாய் பர்மா கம்பெனிக்குக் கொடுத்தது. காட்டை வெட்டித் தேயிலை போட்டபோது சிறுத்தை எங்கே போகும் என்று யாரும் கேட்கவில்லை. அட்டைக்கடியில் ரத்தம் கொடுத்து அந்தத் தோட்டத்தை உண்டாக்கிய தொழிலாளிகள் கூலி உயர்வு கேட்டார்கள். 1999 ஜூலை 23 அன்று அவர்களுக்காக நடந்த ஊர்வலத்தில் போலீஸ் தடியடியில் தாமிரபரணியில் 17 உயிர்கள் பலியாயின. குத்தகை முடிய 2028 வரை காலமிருக்க, 2024-ல் கம்பெனி ‘விருப்ப ஓய்வு’ என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு தொழிலாளியை இறங்கச் சொன்னது. தொண்ணூற்றைந்து வருஷம் காட்டைச் சுரண்டியவன் லாபத்தோடு போகிறான். நாலு தலைமுறை உழைத்தவன் காட்டின் பெயரால் வெறுங்கையோடு இறங்குகிறான். காடு திரும்பட்டும், சிறுத்தை திரும்பட்டும். ஆனால் தொழிலாளிக்கு வீடும் நிலமும் வேலையும் எங்கே என்று கேட்காத வனப்பற்று, முதலாளிக்குப் பிடிக்கும் போர்வை.

என்ன செய்யவேண்டும்?

ஆட்டுக்காரனையும் சிறுத்தையையும் மோதவிட்டு வேடிக்கை பார்ப்பது சுரண்டும் வர்க்கத்துக்கு லாபம். சிறுத்தையோடு சண்டை போடுகிறவன் குவாரியோடு சண்டை போடமாட்டான் அல்லவா! அந்த வலையில் நாம் விழக்கூடாது. நம் கோரிக்கைகள் இவை:

1. விலங்கு அடித்த ஆடு மாட்டுக்குச் சந்தை விலையில் நஷ்ட ஈடு, 15 நாளுக்குள் கையில் கிடைக்கவேண்டும். சிறுத்தை ஆட்டைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போய்விடுகிறது. உடலைக் காட்டு என்றால் ஏழை எங்கே போவான்? கால்தடமும் ரத்தக்கறியும் ஊரார் சாட்சியும் போதும் என்று விதி வரவேண்டும்.

2. வாரத்துக்கு வளர்த்த ஆடானால், வளர்த்தவனுக்கும் நஷ்ட ஈட்டில் பங்கு உண்டு என்று எழுதவேண்டும்.

3. மலையடிவாரக் கிராமங்களில் ஆடு வைத்திருக்கும் ஏழைகளுக்குச் சர்க்கார் செலவில் கம்பிவலை அடித்த, கூரை போட்ட உறுதியான கொட்டில் கட்டித் தரவேண்டும். தெருவிளக்கு எரியவேண்டும். ராத்திரியில் ஆடு வெளியே கிடக்காவிட்டால் பாதி நஷ்டம் அன்றே நின்றுவிடும்.

4. ஆட்டுக்கொல்லி தடுப்பூசி ஒவ்வொரு பட்டிக்கும் வீடு தேடி வரவேண்டும். கால்நடை மருந்தகத்தில் டாக்டர் இருக்கவேண்டும்.

5. ஊரோரத்தில் கழிவு கொட்டுகிறவன் மீதும், திருட்டுக் கரண்டு வேலி போடுகிறவன் மீதும் வழக்குப் போடவேண்டும். பன்றியால் பயிர் இழந்த குத்தகைதாரனுக்கும் நஷ்ட ஈடு வேண்டும்.

6. வன உரிமைச் சட்டப்படி கிராம சபை கூட்டி மேய்ச்சல் உரிமையைத் தீர்மானிக்க வேண்டும். மாஞ்சோலைத் தொழிலாளிக்கு வீடும் நிலமும் பிழைப்பும் கொடுக்கவேண்டும்.

விவசாயத் தொழிலாளர்களே! மில் தொழிலாளர்களே! இனி ஊரில் ஆடு போனால் பெரிய மனிதர் வீட்டு வாசலில் போய் நிற்காதீர்கள். சங்கத்தைக் கூட்டுங்கள். போன ஆடுகளை வீடு வீடாகக் கணக்கெடுங்கள். எந்தத் தேதி, எத்தனை உருப்படி, மனுக் கொடுத்தது எப்போது, பணம் வந்ததா இல்லையா என்று நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டோடு தென்காசி கலெக்டர் ஆபீஸுக்குத் திரளாகப் போவோம். மலையில் வேட்டையாடுவது வயிற்றுப் பசிக்காக. நாட்டில் வேட்டையாடுவது லாபப் பசிக்காக. முன்னதைக் கம்பிவலைக் கொட்டில் தடுக்கும். பின்னதைத் தடுக்க உழைப்பாளிகளின் ஐக்கியத்தைத் தவிர வேறு வேலி இல்லை!